பாசியின் பாதை – 11: பெயர் தெற்கே போனது

சென்ற வாரம் யோஹான் ஹெட்விக்கை லைப்சிக்கில் விட்டுவிட்டு வந்தோம். கெம்னிட்ஸில் பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்து, இரவில் நுண்ணோக்கி முன் உட்கார்ந்த அந்த மருத்துவர்தான் பாசிகளின் ஆண் உறுப்பு எது, பெண் உறுப்பு எது என்று சரியாகப் பிரித்துச் சொன்னவர். ஸ்போர்கள் என்னும் வித்துத்துகள்கள் நிறையும் காப்சூலின் வாயைச் சுற்றி நிற்கும் நுண்ணிய பற்களைக் கொண்டு பாசிகளை வகுக்கலாம் என்று காட்டியவரும் அவரே. 1799இல் அவர் இறந்தார். 1801இல் வெளிவந்த அவருடைய நூல், பாசிப் பெயர்களுக்கெல்லாம் சட்டப்படியான தொடக்கம் ஆயிற்று.

ஒரே ஒரு குடும்பத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் பெயர்களுக்கான கணக்கு 1801இல் அல்ல, லின்னேயஸின் 1753ஆம் ஆண்டு நூலிலிருந்து தொடங்குகிறது.

அந்தக் குடும்பம் ஸ்பேக்னம். ஹெட்விக்கின் சாவி இந்தப் பூட்டுக்குள் நுழையவே நுழையாது. ஏனென்றால் ஸ்பேக்னத்தின் காப்சூலுக்குப் பற்களே கிடையாது.

இந்த வாரக் கதை அந்தப் பல்லில்லாத பாசியைப் பற்றியது. அதிலும் குறிப்பாக ஒரு சிவப்புப் பாசியைப் பற்றியது. யாரும் சந்தேகப்படாத பாசி அது.

* * *

1767 டிசம்பர். மகெல்லன் நீரிணை.

பூதேஸ், எத்வால் என்ற இரண்டு பிரெஞ்சுக் கப்பல்கள் தென்னமெரிக்கக் கண்டம் முடியும் இடத்தில் எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. தலைவர் புகென்வில். உலகைச் சுற்றிவரும் பயணம். அந்த நீரிணையைக் கடக்க மட்டும் அவருக்கு 52 நாட்கள் பிடித்தன. தெற்கே அது கோடைக்காலம்; ஆனாலும் மலைகளில் பனி உருகவில்லை.

கப்பல் நகராத நாட்களில் மாலுமிகள் சலித்துப்போனார்கள். எத்வாலில் வந்த பிலிபேர் காமர்சன் மட்டும் கரையிறங்கிச் செடி பறித்தார். அவர் பயணத்தின் இயற்கையியலாளர். காலில் ஆறாத புண். மலையேறுவது பெரும்பாடு. எனவே சுமையெல்லாம் அவருடைய பணியாளின் தோளில். உணவு, துப்பாக்கி, செடிகளை அழுத்தி வைக்கும் காகிதக் கட்டுகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அந்தப் பணியாள் பனியில் நடந்ததைப் புகென்வில் தம் பயண நூலில் வியந்து எழுதியிருக்கிறார். காமர்சனின் பொதிமாடு என்ற பட்டப்பெயரே அந்த ஆளுக்கு விழுந்திருந்தது.

அந்த ஆள் ஓர் ஆணல்ல. ழான் பாரே என்ற 27 வயதுப் பெண். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் ஆண் உடையில் ஏறியவர். நான்கு மாதம் கழித்து, தஹிட்டியில் குட்டு வெளிப்பட்டது. உலகைச் சுற்றிவந்ததாக நாம் அறியும் முதல் பெண் அவர்தான். தாவரவியல் வரலாற்றில் அவருக்கு அடிக்குறிப்பில்தான் இடம் கிடைத்தது. அதுவும் நீண்ட காலம் கழித்து.

அந்த நீரிணைக் கரையில் பறிக்கப்பட்டவற்றுள் ஒரு பிடி ஸ்பேக்னமும் இருந்தது. பூ இல்லை, காய் இல்லை, வேர்கூட இல்லை. மகெல்லன் நீரிணையின் மற்றச் செடிகளோடு சேர்ந்து அதுவும் காகிதத்துக்குள் போயிற்று.

காமர்சன் ஊர் திரும்பவில்லை. 1773இல் மொரிஷியஸ் தீவில் 45 வயதில் இறந்தார். அவருடைய சேகரிப்பு பெட்டி பெட்டியாகப் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

* * *

கால் நூற்றாண்டு கடந்தது. இப்போது நாம் ஜெர்மனியின் கோதா நகரத்தில் இருக்கிறோம்.

சாமுவேல் பிரிடெல் சுவிட்சர்லாந்துக்காரர். சாக்ஸ்-கோதா அரண்மனையில் இளவரசர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ஆசை பாசிகள். உலகில் அதுவரை தெரிந்த பாசிகளையெல்லாம் ஒரே நூலில் அடுக்க முனைந்தார். 1798இல் வந்த பகுதியில், காமர்சன் கொண்டுவந்த அந்த ஸ்பேக்னத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: ஸ்பேக்னம் மகெல்லானிகம். ஊர் எது என்பதும் எழுதப்பட்டது. மகெல்லன் நீரிணை.

சில வரி வருணனை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அது போதும். இலைச் செல்லின் துளையை அளப்பதோ, இலையைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதோ அன்றைக்கு வழக்கமில்லை.

இந்தச் சில வரிகள் 220 ஆண்டுகள் கழித்து வடக்கு ஐரோப்பா முழுவதையும் உலுக்கப்போகின்றன.

* * *

அதற்குமுன் ஸ்பேக்னம் என்றால் என்னவென்று கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் ஊரில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாங்கும் வெளிறிய, பஞ்சு போன்ற காய்ந்த பாசி இருக்கிறதே, அதுதான்.

இதன் இலை ஒற்றை அடுக்குச் செல்லால் ஆனது. அந்த அடுக்கில் இரண்டு வகைச் செல்கள் மாறி மாறி நிற்கின்றன. ஒல்லியான பச்சைச் செல்கள் உயிருள்ளவை. அவற்றுக்கு நடுவே அகலமான, நிறமற்ற, செத்த செல்கள். சுவரில் துளைகள் உண்டு. அந்தத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துத் தன் காய்ந்த எடையைப்போல் 15, 20 மடங்கைத் தேக்கிக்கொள்கிறது. முதல் உலகப்போரில் பஞ்சுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1918 வாக்கில் பிரிட்டனில் மாதம் 10 லட்சம் காயக்கட்டுகள் ஸ்பேக்னத்தில் தயாரானது இதனால்தான்.

செடி மேலே வளர்ந்துகொண்டே போகும். கீழே செத்துக்கொண்டே வரும். செத்தது எளிதில் மட்காது. தன்னைச் சுற்றியுள்ள நீரைத் தானே அமிலமாக்கிக்கொள்ளும் செடி இது. அதனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடிப்பாகம் பீட்டாக அடுக்கடுக்காய்ச் சேர்கிறது. பீட் நிலங்கள் உலகத் தரையில் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் மண்ணில் புதைந்திருக்கும் கரிமத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. ஒரு பாசியின் பெயருக்காக இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இது.

மறுபாதிக் காரணம், பாசியை இனம் பிரிப்பது உண்மையிலேயே கொடுமையான வேலை. பூச்செடிக்கு இதழ், சூலகம், கனி என்று பிடித்துக்கொள்ள எவ்வளவோ உண்டு. ஸ்பேக்னத்திடம் அப்படி எதுவும் இல்லை. போதாததற்கு அது இடத்துக்கு ஏற்ப வேஷம் மாற்றுகிறது. வெயிலில் சிவக்கும், நிழலில் பச்சையாகும். தண்ணீருக்குள் நீண்டு தளரும், மேட்டில் குறுகி நெருங்கும். எனவே அனுபவமுள்ள பாசியியலாளர்கள் ஒரு பாடத்தைச் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்: வேறுபாட்டைக் கண்டு மயங்காதே, அது சூழல் செய்யும் வேலை.

நல்ல பாடம்தான். ஆனால் கண்ணுக்குப் பட்டதைக் காணாததாக விட்டுவிடவும் அது பழக்கிவிட்டது.

* * *

1881இல் பிரெஸ்லாவைச் சேர்ந்த ஆசிரியர் லிம்ப்ரிக்ட், ஐரோப்பியச் சதுப்புகளில் வளரும் ஒரு சிவப்பு ஸ்பேக்னத்தைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். அவர் வைத்த பெயர் ஸ்பேக்னம் மீடியம். தடித்த, படகு போல் குழிந்த இலைகளுடைய அதன் நெருங்கிய உறவினர்களிடமிருந்து அதைப் பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் இருந்தது. இலையைக் குறுக்கே வெட்டினால், பச்சைச் செல்கள் முட்டை வடிவில், இருபுறமும் செத்த செல்களால் முழுக்க மூடப்பட்டு நடுவில் கிடக்கும். மற்றவற்றில் அவை இலையின் பரப்பை எட்டிப் பார்க்கும்.

அருமையான அடையாளம். சந்தேகத்துக்கு இடமில்லாதது.

பிறகு யாரோ கேட்கத்தானே செய்வார்கள்: பிரிடெல் பெயரிட்ட மகெல்லன் பாசியில் இந்தச் செல்கள் எப்படி இருக்கின்றன? பார்த்தார்கள். அதிலும் அப்படியேதான். முட்டை வடிவம், நடுவில், முழுக்க மூடப்பட்டு.

முடிவு தானாக வந்தது. இரண்டும் ஒன்றே. ஒரே இனத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் மூத்த பெயருக்கே உரிமை. 1798 மூத்தது, 1881 இளையது. ஸ்பேக்னம் மீடியம் என்ற பெயர் கிடங்குக்குப் போயிற்று. நார்வேயிலும் கனடாவிலும் சைபீரியாவிலும் இருந்த சிவப்பு ஸ்பேக்னமெல்லாம் மகெல்லானிகம் ஆயிற்று.

பூமியின் இரண்டு கோடிகளிலும் ஒரே பாசி, நடுவில் வெப்பமண்டலம். அது எப்படி என்று கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருந்தது. ஸ்பேக்னத்தின் காப்சூல் வெயிலில் காய்ந்து சுருங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி, மூடி வெடித்துத் தெறிக்கும். ஸ்போர்கள் பத்து சென்டிமீட்டருக்கும் மேலே எழும்பும். புகை வளையம் போன்ற காற்றுச் சுழல் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று 2010இல் படமெடுத்தே காட்டினார்கள். தூசு போன்ற ஸ்போர் அந்த உயரத்தை எட்டிவிட்டால் மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும். கண்டம் தாண்டுவதா கடினம்?

காரணம் கச்சிதமாகப் பொருந்தியது. அதனால்தான் யாரும் மேலே கேட்கவில்லை.

* * *

திருப்பம் நார்வேயில் வந்தது.

ட்ரான்ட்ஹெய்ம் நகரின் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சுற்றிச் செயல்படும் ஸ்பேக்னம் ஆய்வாளர்கள், சதுப்பில் கால் புதைய நடந்து பழகியவர்கள். ஷெல் ஈவார் ஃப்ளாட்பர்க், கிறிஸ்டியான் ஹாசெல் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். ஒரே சதுப்பில், ஒரே பெயரின் கீழ், இரண்டு விதமான மகெல்லானிகம் வளர்வது அவர்கள் கண்ணில் பட்டது. ஒன்று, மழைநீரை மட்டும் நம்பி வாழும் திறந்த சதுப்பின் நடுப்பகுதியில். மற்றொன்று, மண்ணிலிருந்து கொஞ்சம் தாது கசிந்து வரும் ஓரங்களில், மரங்களின் அருகில்.

பழைய பாடப்படி இதற்கு விளக்கம் கைவசம் இருக்கிறது. அங்கே தண்ணீர் வேறு, இங்கே தண்ணீர் வேறு. சூழல் செய்யும் வேலை. அடுத்த சதுப்புக்குப் போகலாம்.

அவர்கள் அடுத்த சதுப்புக்குப் போகவில்லை.

விஷயத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. செடியை இடம் மாற்றி நடு. இரண்டையும் ஒரே தோட்டத்தில் ஒரே நிலைமையில் வளர்த்துப் பார். வேறுபாடு சூழலால் வந்ததென்றால், சூழல் மாறியதும் கரைந்துபோகும். பிறப்பிலேயே வந்ததென்றால் போகாது. கேட்டால் ஏன் நூறு ஆண்டுக்கு முன்பே யாரும் செய்யவில்லை என்று தோன்றும். செய்யவில்லை, ஏனென்றால் இந்த இனத்தின் மேல் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஸ்பேக்னங்களில் வகைப்பாட்டுச் சண்டை மிகக் குறைந்த இனங்களில் ஒன்று என்று அது நற்சான்று வாங்கியிருந்தது.

இடம் மாற்றினார்கள். வேறுபாடு போகவில்லை.

அடுத்தது டிஎன்ஏ. முழு மரபணுத் தொகுதியையும் படிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடங்களில் மட்டும் டிஎன்ஏவை வெட்டும் நொதியைக் கொண்டு துண்டாக்கி, வெட்டுவாய்களை ஒட்டிய பகுதிகளை மட்டும் படித்தால் ஆயிரக்கணக்கான இடங்களில் ஒப்பிட்டுவிடலாம். பாசியில் இதற்கு இன்னொரு வசதியும் உண்டு. நாம் கண்ணால் பார்க்கும் பாசிச் செடியில் குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதிதான். நம் உடலில்போல் இரண்டு பிரதிகளில் ஒன்று மற்றொன்றை மறைக்கும் தொல்லை இல்லை.

2017இல் முடிவு வெளிவந்தது. இரண்டு உருவங்களுக்கும் இடையிலான இடைவெளி, எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தும் அவை ஒன்றோடொன்று கரைந்துவிடவில்லை.

ஆக, இரண்டு சிற்றினங்கள். ஆனால் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. அது யாருக்கு?

* * *

நம் ஊர் நிலத்தகராறில் எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு ஒருவர் கேட்பார்: மூலப்பத்திரம் எங்கே? தாவரப் பெயர்களுக்கும் அப்படி ஒரு மூலப்பத்திரம் உண்டு. வகைமாதிரி என்பார்கள். 1930இல் கேம்பிரிட்ஜில் நடந்த தாவரவியல் மாநாடு ஏற்றுக்கொண்ட விதி அது. ஒரு பெயர், வருணனைக்கோ புகழுக்கோ பெரும்பான்மைக்கோ சொந்தமல்ல. எந்த மாதிரியைக் கையில் வைத்துப் பெயரிட்டார்களோ அந்த உலர்ந்த செடிக்குச் சொந்தம். இனம் எத்தனை துண்டாக உடைந்தாலும், அந்த மாதிரி எந்தத் துண்டில் விழுகிறதோ அதுவே பெயரை எடுத்துக்கொள்ளும்.

மகெல்லானிகத்தின் மூலப்பத்திரம் மகெல்லன் நீரிணையைச் சேர்ந்தது.

தென்னமெரிக்கப் பாசியையும் சேர்த்து ஒப்பிட்டபோது, அது நார்வேயின் இரண்டில் எதனோடும் சேரவில்லை. மூன்றாவதாகத் தனியே நின்றது. காற்று எங்கும் கொண்டுபோகும் என்ற பதில் இந்த இடத்தில் தோற்றது. ஸ்போர் பறக்கலாம், போய்ச் சேர்ந்து, முளைத்து, அங்கே இருப்பவற்றோடு கலந்து, இரு கோடிகளையும் ஒரே குடும்பமாக வைத்திருக்கும் அளவுக்கு அது நடக்கவில்லை.

2018இல் ஹாசெலும் ஃப்ளாட்பர்க்கும் கூட்டாளிகளும் தீர்ப்பை எழுதினார்கள். அக்குழுவில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து ஜோனதன் ஷாவும் இருந்தார். மகெல்லானிகம் என்ற பெயர் இனித் தென்னமெரிக்காவுக்கு மட்டும். திறந்த சதுப்பின் நடுவே வாழும் வடக்குப் பாசிக்கு, கிடங்கில் கிடந்த லிம்ப்ரிக்டின் பெயரைத் தூசு தட்டி எடுத்தார்கள்: ஸ்பேக்னம் மீடியம். ஓரங்களில் வாழும் மற்றொன்றுக்குப் பெயரே இருந்ததில்லை. அதற்குப் புதிதாக வைத்தார்கள்: ஸ்பேக்னம் டிவைனம்.

அன்றிலிருந்து ஐரோப்பாவில் மகெல்லானிகம் என்று ஒரு பாசி இல்லை. தலைமுறை தலைமுறையாகக் களக் கையேடுகளிலும் ஹெர்பேரியக் காகிதங்களிலும் எழுதிவந்த பெயர் தெற்கே போய்விட்டது. சிலியிலிருந்து ஆர்க்கிட் தொட்டிகளுக்காகப் பாசி ஏற்றுமதி செய்பவர்கள் மட்டும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய சீட்டில் மகெல்லானிகம் என்றுதான் இருந்தது. அது சரியாகவும் இருந்தது.

ஆய்வகங்களில் தலைவலி தொடங்கியது. பீட்டைத் துளைத்து எடுத்து, எந்த அடுக்கில் எந்த ஸ்பேக்னம் என்று பார்த்து, அந்தக் காலத்தில் சதுப்பு எவ்வளவு ஈரமாக இருந்தது என்று கணிப்பது ஒரு துறை. மகெல்லானிகம் என்று பதிவான அடுக்குகளெல்லாம் இப்போது எதைச் சொல்கின்றன? நடுச்சதுப்பையா, ஓரத்தையா? பழைய பதிவேட்டில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

* * *

இத்துடன் முடிந்திருந்தால் நல்லது. அட்லாண்டிக்கின் மறுகரை சும்மா இருக்கவில்லை.

ஸ்பேக்னத்தின் மரபணுத் தொகுதியை முழுமையாகப் படிக்க அமெரிக்காவில் ஒரு பெருந்திட்டம் நடந்துகொண்டிருந்தது. அதற்காகத் தேர்ந்தெடுத்த இரண்டு இனங்களில் ஒன்று, வேறு எது, மகெல்லானிகம்தான். அந்தப் பெயரிலேயே தரவு வெளியாகிப் பலர் பயன்படுத்தியும் வந்தார்கள். 2022இல் ஷாவின் குழு வட அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் பாசிகளை அலசியது. 48 மாதிரிகளின் மரபணுத் தொகுதியை முழுமையாகவும், 187 மாதிரிகளை வெட்டுவாய் முறையிலும் படித்தார்கள். உலகம் முழுவதும் மகெல்லானிகத்தின் மரபணு என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தது மகெல்லானிகத்துடையது அல்ல, டிவைனத்துடையது. 2023இல் அந்த மரபணுத் தொகுதி ஆய்விதழில் வெளியானபோது டிவைனம் என்ற பெயரிலேயே வந்தது.

அதைவிடப் பெரிய செய்தி: அந்தப் பகுதியில் இருப்பது இரண்டு அல்ல, நான்கு. டிவைனம், மீடியம் தவிர இன்னும் இரண்டு. அவற்றுக்கு அப்போதைக்குச் செல்லப்பெயராக டயாபாலிகம், மேக்னி என்று வைத்துக்கொண்டார்கள்.

சந்தேகப்படுபவர்கள் கேட்க வேண்டிய கேள்வியை ஆய்வாளர்களே கேட்டுப் பார்த்தார்கள் என்பதை இங்கே பாராட்டிச் சொல்ல வேண்டும். இத்தனையாகப் பிரித்ததால் சதுப்புக்கு என்ன ஆகிறது? பீட் சேர்வதைத் தீர்மானிப்பது, செத்த பாசி எவ்வளவு மெதுவாக மட்குகிறது என்பது. நெருங்கிய பல ஸ்பேக்னங்களில் இந்த வேகம் இனத்துக்கு இனம் மாறும். இந்தக் கூட்டத்தில் அளந்து பார்த்தார்கள். வேறுபாடு இல்லை. கரிமக் கணக்குப் பார்ப்பவருக்கு இவை இன்னும் ஒரே பாசிதான். இந்த முடிவை அவர்கள் மறைக்காமல் ஆய்வுச் சுருக்கத்திலேயே எழுதினார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. இனங்களுக்கு இடையே கலப்பு நடந்ததற்கான தடயங்கள் மரபணுவில் இருக்கின்றன. சுவர் எழுந்திருக்கிறது, ஆனால் வாசல் அடைபடவில்லை.

பிறகு எண்கள். பொதுவாக இந்த இனங்களுக்கு இடையே நிலைபெற்றுவிட்ட எழுத்து மாற்றங்கள், வெட்டுவாய் முறையில் பல்லாயிரம். முழுமையாகப் படித்தால் பத்து லட்சக்கணக்கில். டயாபாலிகத்துக்கும் மேக்னிக்கும் இடையிலோ, முதல் முறையில் நூறு அளவில், இரண்டாவது முறையில் ஆயிரம் அளவில்தான்.

பத்து லட்சக்கணக்கு எங்கே, ஆயிரம் எங்கே.

ஆனாலும் 2023இல் இரண்டும் தனித்தனிச் சிற்றினங்களாக முறைப்படி பதிவாயின. டயாபாலிகம் ஒன்று; ‘மேக்னியே’ என்று ஈறு மாறிய மேக்னி மற்றொன்று. அவரவருக்கு ஒரு வருணனை, அவரவருக்கு ஒரு வகைமாதிரி. லிம்ப்ரிக்ட் ஓர் இலையை வெட்டிப் பார்த்து ‘வேறு’ என்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதே இலையைப் பார்த்து ‘ஒன்று’ என்றார்கள். இப்போது எண்ணிச் சொல்ல முடிகிறது. ஆனால் எந்த எண்ணில் ஒன்று இரண்டாகிறது என்று எந்த விதிப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஆயிரம் எழுத்துகளின் வித்தியாசம் இரண்டு இனங்களா, பிரியத் தொடங்கியிருக்கும் ஓர் இனமா? அதைச் சொல்லவேண்டியது நுண்ணோக்கியா, கணினியா, இல்லை அந்தச் சதுப்பில் அவை அருகருகே வளரும்போது தாமே நடந்துகொள்ளும் விதமா?

(தொடரும்)